வாய்வீச்சு

யூல்ட்ஸன் ஊருக்கு வெளியே, மார்ச் மாத ஈரத்தில்,
அப்பாவைப் புதைத்து மூன்று வாரமான மேட்டின் மேல்
பன்னிரண்டு மண்குவியல்கள்.
எண்ணிக்கொண்டு நிற்கிறாள் வீப்கெ ஹார்ம்சென்.
அகராதி அலுவலகத்தில் ‘எம்’ எழுத்து அவள் பொறுப்பு,
பதினோரு வருடமாக.

செய்தவன் பெயர் மௌல்வுர்ஃப்.
மௌல் என்றால் வாய். மிருகத்தின் வாய்;
மனிதனுக்குச் சொன்னால் வசவு.
வுர்ஃப் என்றால் வீச்சு.
ஆக, வாய்வீச்சு.
மேடையேறிப் பேசியறியாத பிராணிக்கு!
மண்ணை அது வீசுவதும் வாயால் அல்ல,
வெளிப்புறம் திரும்பிய
இளஞ்சிவப்புக் கைகளால்.

பொய்ப் பெயர் என்று அவளுக்குத் தெரியும்.
அட்டையில் அவளே எழுதியிருக்கிறாள்:
ஆயிரம் ஆண்டுக்கு முன்
லத்தீன் ஏட்டில் பொருள் குறித்து வைத்தவர்களுக்கு
அது மூவெர்ஃப்.
மூ, குவியல். குவியல் எறிவது.
கண்ணால் கண்டவன் வைத்த பெயர்.

பிறகு மூ செத்தது.
போரில்லை, கொள்ளைநோயில்லை.
யாரும் அதைத் தனியாகக் கூப்பிடவில்லை,
அவ்வளவுதான்.
பொருளற்ற ஓசையோடு குடித்தனம் நடத்த முடியாத வெர்ஃப்
மோல்ட் என்னும் புழுதியைச் சேர்த்துக்கொண்டது.
புழுதி எறிவது. அதுவும் சரிதான்.
புழுதியும் வழக்கொழிந்த பின்
ஏறக்குறைய அதே சத்தத்தில்
கதவோரம் நின்றிருந்த வாய்
உள்ளே வந்து உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில்
சட்டத்துக்காக வாங்கிய பழைய புகைப்படத்தை
அப்படியே கூடத்தில் மாட்டிவைத்து,
நாளடைவில், அந்த மூக்கு நம் மூக்கு மாதிரியே இல்லை?
என்று கேட்பார்களே,
அப்படி.

அப்பா மாட்டு ஏலம் விட்டவர்.
மூச்சு வாங்காமல் விலையை வீசிய வாய்,
வீட்டு மேசையில் உப்பை மட்டும் கேட்கும்.
புதைப்பதற்கு அலுவலகத்தில் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள்.
அதில் ஹார்ம்சென் இல்லை.
ஷ்ட்ருக்மான் என்றிருந்தது.
அவருக்கு நாலு வயதில்
வேறொரு பெயர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.
எழுபத்தெட்டு வருடம்
அந்தப் பெயரில்தான் மாடுகள் விலைபோயின.
அவளும் அந்தப் பெயரில்தான் இருக்கிறாள்.

கோர்ட் ல்யூடர்ஸ் மண்வாரியோடு வருகிறான்.
“கொல்ல முடியாது, சட்டம் இருக்கிறது.
மிதித்துவிடலாம். நாளைக்கே எழுப்பிவிடும்.
நல்ல மண்ணாகப் பார்த்துத்தான் வரும்
இந்த முல்வோர்ப்.”

முல்வோர்ப்.

நிமிர்கிறாள்.
முல், பொடிமண். இந்தப் பக்கத்துப் பேச்சு.
செத்ததென்று அவள் அட்டையில் குறித்த புழுதி
இவன் பல்லிடுக்கில் இருக்கிறது.
“இதை எங்கே கேட்டீர்கள்?”
“எதை?” என்கிறான்.

(இதை எழுதும் என் மொழியில் அது அகழெலி.
வினைத்தொகை.
அகழ்ந்த எலி, அகழ்கிற எலி, அகழும் எலி:
காலத்தை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாதது போல் நிற்கும் சொல்.
எலி அல்ல அது.
எங்கள் வீட்டுப் புகைப்படமும் சந்தையில் வாங்கியதுதான்.)

மேலங்கிப் பையில் பென்சில் இருக்கிறது.
பூக்கடை ரசீதின் பின்பக்கம் காலியாக இருக்கிறது.
அவள் எழுதவில்லை.
குனிந்து பன்னிரண்டாவது குவியலைத் தொடுகிறாள்.
சலித்த மாவு போல நைந்த மண்,
ஒரு கல் இல்லை.
அடியிலிருந்து வந்தது.
எவ்வளவு அடியிலிருந்து என்று
கேட்டுக்கொள்ளக் கூடாது.

ஷ்ட்ருக்மான், என்கிறாள்,
உப்பு கேட்கும் குரலில்.

“என்னையா கூப்பிட்டீர்கள்?”
என்கிறான் கோர்ட்,
இரண்டு கல்லறை தள்ளி.